வெறும் வயிறும் விருந்தும்

சென்னைக் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு உலாவுகிறவர்களை மறுபடியும் சந்திக்க வேண்டுமா? ஏழு மணிக்குப் பக்கத்திலுள்ள ஓட்டல் எதிலாவது நுழைந்து பாருங்கள். அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள். கையை வீசி, மூச்சு வாங்க, ஒரு மணி நேரம் நடந்தவர்கள் இப்போது வெண்பொங்கலுக்குள் புதைந்திருக்கும் முந்திரிப்பருப்பைக் கரண்டியால் தேடிக்கொண்டிருப்பார்கள். "நடந்தாயிற்று, இனிச் சாப்பிடலாம்" என்ற திருப்தி முகத்தில் ஜொலிக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பல வருஷங்கள் நானும் அந்த மேஜையில் உட்கார்ந்தவன்தான்.

கணக்கு மட்டும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் 250 முதல் 300 கலோரி வரை செலவாகும். ஒரு மேஜைக்கரண்டி நெய்யிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. ஒரு தட்டுப் பொங்கலில் எத்தனை கரண்டி நெய் என்பது சமையற்காரருக்கும் பகவானுக்கும்தான் வெளிச்சம். பக்கத்தில் எண்ணெயில் மிதந்து வந்த வடை. அப்புறம் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட காப்பி. செலவழித்தது போக, வீட்டுக்குத் திரும்பும்போது கையிருப்பு கூடித்தான் இருக்கும். "ஆறு மாசமாக நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையவில்லையே!" என்று அலுத்துக்கொள்கிறவர்களின் ரகசியம் இவ்வளவுதான்.

அதற்காக நடையை நிறுத்திவிடாதீர்கள். எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் நடப்பதால் இருதயத்துக்கு நன்மை உண்டு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்படும். ராத்திரி தூக்கம் வரும். பொங்கலையும் அடியோடு விடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்துக்கொண்டால் அதற்கும் ஒரு மரியாதை இருக்கும்.

சரி, உலாவப் போவதற்கு முன் ஏதாவது சாப்பிட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரணமாக ஒரு மணி நேரம் நடக்கிறவருக்கு ஒன்றுமே வேண்டியதில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் போதும். காப்பி இல்லாமல் கண் திறக்காது என்றால் காப்பியும் சாப்பிடலாம். காரணம், நம் உடம்புக்குள்ளேயே ஒரு களஞ்சியம் இருக்கிறது. அதுதான் கல்லீரல். நாம் சாப்பிட்டதில் ஒரு பகுதியை மாவுப் பொருளாக மாற்றி, சுமார் 100 கிராம் வரை அது சேமித்து வைத்துக்கொள்கிறது. ராத்திரி எட்டு மணி நேரம் பட்டினி கிடந்தும் காலையில் நாம் மயங்கி விழாமல் எழுந்திருக்கிறோமே, அது இந்தக் களஞ்சியக்காரனின் தயவு. கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை அளந்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருப்பான். கையிருப்பு குறைந்தால் வேறு பொருள்களிலிருந்து புதிதாகவும் சர்க்கரை தயாரித்துக்கொள்வான். இது போக, தசைகளுக்குள் தனியாக ஒரு சேமிப்பு உண்டு. ஆகவே பூங்காவைப் பத்துச் சுற்றுச் சுற்ற வாழைப்பழமும் பிஸ்கோத்தும் முன்பணமாகக் கொடுக்கத் தேவையில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற, பந்தாடுகிற பிள்ளைகள் விஷயம் வேறு. பூப்பந்து மைதானத்துக்கோ தேகப்பயிற்சிக் கூடத்துக்கோ போகிற வாலிபர்கள் அரை மணி, முக்கால் மணி முன்னதாக ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. சுமார் 100 கலோரி, சுலபத்தில் ஜீரணமாகும், தோலை உரித்தால் தயார். இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காக இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்கள், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்கு வெறும் வயிற்று நடை ஆபத்தாகக்கூட முடியும். அவர்களைப் பற்றிப் பிறகு விவரமாகச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

நடந்து வந்த பிறகு என்ன சாப்பிடலாம்? இதற்கு விடை அதே கடற்கரையிலேயே சாயங்கால வேளையில் தூக்குப் பாத்திரத்தில் வருகிறது. ஆம், சுண்டல்தான்! நவராத்திரி ஒன்பது நாளும் வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டு, பத்தாம் நாள் அதை மறந்துவிடுகிறோம். ஒரு கிண்ணம் வெந்த கொண்டைக்கடலையில், அதாவது 150 கிராமில், சுமார் 13 கிராம் புரதம் இருக்கிறது. வேலை செய்து களைத்த தசையைப் பழுதுபார்க்கப் புரதம் வேண்டும். செலவான மாவுப் பொருளும் அதிலேயே உண்டு. நார்ச்சத்தும் இருப்பதால் பதினொரு மணிக்கெல்லாம் வயிறு கூப்பாடு போடாது. தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். பயறோ, காராமணியோ, மொச்சையோ, எது கிடைத்தாலும் சரி. முதல் நாள் ராத்திரி ஊறப்போட மறந்துவிட்டது என்றால் இரண்டு இட்டிலியும் நிறையப் பருப்புப் போட்ட சாம்பாரும் இருக்கவே இருக்கின்றன. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அவித்த முட்டை.

வறுத்த வேர்க்கடலையும் நல்ல பலகாரம்தான். ஆனால் அதற்கு ஒரு துர்க்குணம் உண்டு. கையை எடுக்க விடாது. ஒரு சின்னப் பிடி, 30 கிராம், சுமார் 170 கலோரி. பொட்டலத்தைப் பிரித்துப் பேச்சுவாக்கில் தீர்த்துவிட்டால் ஒன்றரை மணி நேர நடை போயிற்று. அளந்து தட்டில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

டப்பாக்களில் வரும் புரதப் பொடிகளைப் பற்றியும் கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன அளவுப்படி, சாதாரணமாக ஒருவருக்குத் தினமும் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் தேவை. அறுபது கிலோ ஆசாமிக்கு 50 கிராம். பருப்பு, தயிர், சுண்டல், கொஞ்சம் கடலை என்று பார்த்துச் சாப்பிட்டால் அடுப்பங்கரையிலேயே அது கிடைத்துவிடும். பூங்கா வாசலில் விற்கும் பழச்சாறும் அப்படித்தான். நாலு ஆரஞ்சை ஒரே மூச்சில் உங்களால் தின்ன முடியாது. சாறாக்கினால் ஒரு நிமிஷத்தில் உள்ளே போய்விடும். நாருக்குக் குப்பைக்கூடை, சர்க்கரைக்கு நம் வயிறு!

தண்ணீர் விஷயத்தில் ஒரு சுலபமான தந்திரம் உண்டு. வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஏறி நின்று பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அது கொழுப்பு கரைந்தது என்று பூரித்துப் போகவேண்டாம். அவ்வளவும் வியர்வை. அரை லிட்டர் கடன் இருக்கிறது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் உப்புப் போட்ட நீர்மோரைவிட அந்தக் கடனை அழகாக அடைக்கும் பானம் எனக்குத் தெரியவில்லை.

இனி, பானம் என்றதும் சிலருக்கு ஞாபகம் வருகிற வேறு பானத்துக்கு வருவோம்.

சென்னை ராஜ்யம் முழுவதிலும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது 1948-ல். அது தளர்த்தப்பட்டது 1971-ல். அந்த இடைக்காலத்தில் பொதுவாக விருந்து என்றால் ரோஸ் மில்க்கும் பன்னீர் சோடாவும்தான். பத்திரிகைக்காரர்கள் இதைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இப்போது அப்படியா? உத்தியோக உயர்வு, ஓய்வு பெறுதல், கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கூடும் கூட்டம், எல்லாவற்றிலும் ஒரு மூலையில் கண்ணாடித் தம்ளர்கள் வரிசையாக நிற்கின்றன. இல்லை என்று கண்ணை மூடிக்கொள்வதைவிட, விஷயத்தைத் தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு நல்லது. இதை எனக்குக் கற்பித்தது என் அத்தானுக்கு நேர்ந்த ஒரு சம்பவம்.

அத்தானுக்கு வயது ஐம்பத்தெட்டு. பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடாதவர். தினம் காலையில் நடக்கிறவர். குடிகாரர் என்று அவரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை, சிநேகிதர்களின் வற்புறுத்தலுக்காக. அவ்வளவுதான். ஒரு நாள் ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவுபசார விருந்து. "ராத்திரி பலமான சாப்பாடு இருக்கிறதே" என்று மத்தியானம் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் டிபனும் கிடையாது. ஏழு மணிக்கு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். விருந்தில் பேச்சுகள் நீண்டன. சாப்பாடு வர மணி பதினொன்று ஆயிற்று. அதற்குள் இரண்டு 'லார்ஜ்' உள்ளே போயிருந்தது, பசி போய்விட்டது. இலையைத் தொட்டுவிட்டு, யாரோ கொண்டுவந்து விட, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

பன்னிரண்டரை மணிக்கு அக்கா டெலிபோன் செய்தாள். "தம்பி, இவர் இந்த அலங்கோலத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. ஏதோ உளறுகிறார். நாக்குக் குழறுகிறது. மானம் போகிறது, போ!" என்று அழுதாள். நானும் புத்திசாலியைப் போல, "தூங்கட்டும் அக்கா, காலையில் தெளிந்துவிடும். அப்போது பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

நான் போய்ச் சேருவதற்குள் என்னைவிடப் புத்திசாலி ஒருத்தி காரியத்தை முடித்திருந்தாள். அக்காவின் மகள்; நர்ஸ் படிப்புப் படிக்கிறவள். அப்பாவின் சட்டை தொப்பலாக நனைந்திருப்பதையும், உடம்பு ஜில்லிட்டிருப்பதையும், விரல்கள் நடுங்குவதையும் கவனித்திருக்கிறாள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தாள். 46 என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே குறைவு. 54-க்குக் கீழே என்றால் அபாயம். நல்ல வேளை, அத்தானுக்கு விழுங்கும் அளவுக்குப் பிரக்ஞை இருந்தது. நாலு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். கால் மணி கழித்து மறுபடி சோதித்தாள், மறுபடி கொடுத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் மோர்சாதம். அதோடும் விடவில்லை, விடிகிற வரையில் அடிக்கடி எழுப்பிச் சோதித்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, குடிபோதை என்று நினைத்துத் தூங்கவிட்டிருந்தால்...?" என்று கேட்டாள். மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நடந்தது என்ன தெரியுமா? நமது களஞ்சியக்காரனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மது உள்ளே வந்துவிட்டால், அந்த விஷத்தை அப்புறப்படுத்துவதுதான் கல்லீரலுக்கு முதல் வேலை. புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை அப்படியே தடைப்பட்டுவிடுகிறது. மத்தியானத்திலிருந்து சரியாகச் சாப்பிடாததால் சேமிப்பும் அநேகமாகத் தீர்ந்திருக்கும். அதே சமயம் மாத்திரை தன் கடமையைத் தவறாமல் செய்து, ரத்தத்திலுள்ள சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கிறது. வரவு நின்றுவிட்டது, செலவு ஓடுகிறது. இதில் கொடுமை, சர்க்கரை தாழ்ந்தவனுக்கும் குடித்தவனுக்கும் ஒரே லட்சணம்: உளறல், தள்ளாட்டம், மயக்கம். வாயில் வாசனையும் இருந்துவிட்டால் பார்க்கிறவர்கள் வேறு எதை நினைப்பார்கள்?

ஆகையால், வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால் இதை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஸுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இப்படிச் சர்க்கரையைத் தாழ்த்தக் கூடியவை. எல்லா மாத்திரையும் இப்படியல்ல. உங்களுடையது எந்த வகை என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள். கருவி இல்லை, ஆனால் ஆள் விழிப்பாக இருக்கிறார் என்றால் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். பிரக்ஞை இல்லாதவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. மதுவினால் வரும் இந்தத் தாழ்வு அன்று ராத்திரியோடு போய்விடாது. மறுநாள் காலை வரைக்கும் வரலாம். நேற்று விருந்தில் சேர்ந்த பாவத்தை இன்று நடந்தே கழிப்பேன் என்று விடியற்காலையில் வெறும் வயிற்றோடு புறப்படுவது, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இரட்டை ஆபத்து. நடையும் சர்க்கரையைத் தின்னும் அல்லவா?

சர்க்கரை வியாதி இல்லாதவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடவேண்டாம். அவர்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் பெரும்பாலும் 42.8 சதவிகிதச் சாராயம் உள்ளவை. 30 மில்லியில் 10 கிராம் சாராயம் இருக்கும். 'லார்ஜ்' என்னும் 60 மில்லியில் 20 கிராம். 'குவார்ட்டர்' என்கிற 180 மில்லியில் 60 கிராம். கல்லீரலோ மணிக்கு ஏழெட்டுக் கிராம், மிஞ்சினால் பத்துக் கிராம்தான் எரிக்கும். எரித்து முடிக்க எத்தனை மணி நேரம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ராத்திரி பதினொன்றுக்குக் குவார்ட்டரை முடித்தவர், காலை ஐந்தரைக்குச் செருப்பை மாட்டும்போதும் முழுக்கத் தெளிந்தவரல்ல. கறுப்புக் காப்பி, எலுமிச்சைச்சாறு, தலையில் தண்ணீர் எதுவுமே அந்த வேகத்தைக் கூட்டாது. காப்பி கொடுத்தால் தூங்கும் குடிகாரர் விழித்திருக்கும் குடிகாரராக ஆவார், அவ்வளவுதான்.

"நான் பீர் மட்டும்தான்" என்கிற சாதுக்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஸ்டிராங்' என்று விற்கும் பீரில் எட்டு சதவிகிதம் வரை சாராயம் இருக்கிறது. 650 மில்லிப் புட்டி ஒன்றில் 40 கிராம். இரண்டு லார்ஜுக்குச் சமம்! இனி வண்டி ஓட்டுவதற்கு வருவோம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் சட்டப்படி குற்றம். 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி முதல் தடவைக்கே பதினாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே ஒரு லார்ஜ்கூடச் சிலரை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும்; பெண்களையும் எடை குறைந்தவர்களையும் இன்னும் சீக்கிரமாக. ஆகவே குடித்தால் சாவியைத் தொடுவதில்லை என்பதைத் தவிர வேறு கணக்குப் போடாதீர்கள்.

எவ்வளவு குடித்தால் தீங்கில்லை? உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் பளிச்சென்று சொல்லிவிட்டது: தீங்கில்லாத அளவு என்று ஒன்று கிடையாது. மதுபானம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988-லேயே முடிவாகிவிட்டது. இருதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னதைக் கேட்டுப் புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்கள் அதே பணத்துக்கு மாதுளம்பழம் வாங்கலாம். எப்படியும் குடிக்கத்தான் போகிறோம் என்பவர்கள், கிளம்புமுன் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இட்டிலி, பருப்பு சாதம், தயிர், எதுவானாலும் சரி. வயிற்றில் சாப்பாடு இருந்தால் சாராயம் குடலில் மெதுவாக இறங்கும். ரத்தத்தில் திடீரென்று ஏறாது. ஒரு தம்ளருக்கு ஒரு தம்ளர் தண்ணீர். அங்கே 'சைட் டிஷ்' என்று வைக்கும் உப்புக் கடலையும் அப்பளமும் பசியை ஆற்ற அல்ல, தாகத்தைக் கிளப்ப என்பதைக் கவனியுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் தொடவே கூடாது.

விருந்து கொடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு மனஸ்தாபம் உண்டு. நம்மவர்களுக்கு உபசாரம் என்றால் வற்புறுத்தல். "இன்னும் ஒரு கரண்டி பாயசம்!" என்று இலைமேல் கவிழ்ந்துகொண்டு தடுக்கிற கையைத் தள்ளிவிட்டு ஊற்றுவதில் ஓர் அன்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதே அன்பைச் சாராயத் தம்ளரில் காட்டினால் என்ன ஆகும்? "நான் கொடுத்தால் குடிக்கமாட்டாயா?" என்கிற கேள்வியில் மடங்கியவர்களில் என் அத்தானும் ஒருவர். எட்டு மணிக்கே சாப்பாட்டைப் போட்டுவிடுங்கள். பேச்சுகள் அப்புறம் நடக்கட்டும். மோர், நன்னாரி சர்பத், எலுமிச்சைச் சோடா இவற்றையும் அதே கண்ணாடித் தம்ளரில், அதே தட்டில் வைத்து, அதே மரியாதையோடு நீட்டுங்கள். குடிக்காதவருக்குப் பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொடுத்து மூலையில் உட்கார வைக்காதீர்கள்.

அத்தான் இப்போது சௌக்கியம். உலாவப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கிறது. கிளம்புமுன் சர்க்கரை பார்த்து, டாக்டர் சொன்ன அளவுக்குக் குறைவாக இருந்தால் ஒரு பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கெல்லாம் திரும்பினார். அக்கா வாசலிலேயே நின்று, "ஊதுங்கள் பார்க்கலாம்!" என்றாளாம். மனுஷர் கம்பீரமாக ஊதினார். பன்னீர் வாசனை கமகமவென்று வந்ததாம்.

"சோடாதானா? எத்தனை?" என்று கேட்டிருக்கிறாள் அக்கா.

"ஒன்றுதான். அதுவும் பாதிதான். அதிலும் சர்க்கரை இருக்கிறதே என்று உன் மகள் டெலிபோனில் சத்தம் போட்டாள்" என்றாராம்.